மாலைத் துடிப்பு

மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டபோது சிவசண்முகம் தொழிற்சாலை கேன்டீனில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். மனைவி வாணியின் நிழலைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தான். கல்யாணமாகி நான்கு வருடமாக அந்த வீட்டில் குறை என்றாலே வாணியின் நிழலில்தான்.

"நீங்களும் கூட வரணும் சார். உங்க நிழல்லயும் ஒண்ணு தெரியுது" என்றாள் போனில் பேசிய பெண்.

"எனக்கா? நான் நல்லாத்தானுங்களே இருக்கறேன்?"

"நீங்க நல்லா இருப்பீங்க சார். நிழல்தான் சரியில்ல."

பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டான். பசி நின்றுவிட்டதா, பயம் வந்துவிட்டதா என்று அவனுக்கே தெரியவில்லை. இப்போதெல்லாம் அவனுக்கு இப்படித்தான். காலையில் புத்துணர்ச்சியோடு எழுந்து உட்காருவான். கைப்பட்டை கைபேசிக்குச் செய்தி அனுப்பியிருக்கும்: 'நேற்றிரவு உங்கள் நிழல் சரியாக உறங்கவில்லை.' உடனே அவனுக்குக் கண் எரியத் தொடங்கும். அன்று முழுவதும் கொட்டாவி விட்டுக்கொண்டே மோட்டார்களைச் சோதிப்பான்.

மறுநாள் இருவரும் டாக்டர் ரேச்சல் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்கு மேலே இரண்டு உருவங்கள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. ஒன்றின் கீழே அவன் பெயர், இன்னொன்றின் கீழே கோகிலவாணி என்று அவள் பெயர். கைப்பட்டை சேகரித்து அனுப்பும் சூடு, துடிப்பு, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் வைத்துக் காப்பீட்டு நிறுவனம் கட்டியெழுப்பிய உடல்கள் அவை. கோயமுத்தூரில் இப்போது எந்த டாக்டரும் ஆளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நிழலுக்கு நோய் வந்தால்தான் உடலுக்கு மருந்து. நிழல் சொல்லாத பரிசோதனைக்கு நிறுவனம் செலவு தராது.

"முதல்ல மேடமோடது பாத்துடலாம்" என்றார் டாக்டர். வாணியைவிட வயதில் சின்னவர். கண் நிழல் மீதே இருந்தது. "நாலு வருஷமா ஒரு தடவைகூட முட்டை வெளியான அறிகுறி இல்ல. மாத்திரையைக் கூட்டிக் கூட்டிப் பாத்தாச்சு, நிழல் அசையவே இல்ல. இனி தானமா வர்ற கருமுட்டைதான் வழி. முழுச் செலவுக்கும் ஒப்புதல் வந்துருச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள நீங்க சம்மதம் குடுத்தாப் போதும்."

வாணி மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில் அவள் குரல் மைதானம் வரை கேட்கும். இங்கே வந்தால் மட்டும் குரல் அடங்கிவிடும்.

"எனக்கு மாசாமாசம் சரியா வருதுங்களே டாக்டர்."

"வரும் மேடம். வந்தா முட்டை இருக்குன்னு அர்த்தமில்ல. அதை நிழல்தான் சொல்லணும்."

இதே கேள்வியை அவள் முதல் வருடத்திலேயே கேட்டிருந்தாள். இதே பதில்தான் வந்தது. அதற்குப் பிறகு தன் உடம்பு சொல்வதை அவள் நம்புவதை விட்டுவிட்டாள்.

"இப்ப சார் விஷயம்." டாக்டர் அடுத்த உருவத்தைத் திருப்பினார். நெஞ்சுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கியது. "சாயங்காலம் ஆனா உங்க இதயம் குதிக்குது. ஏறக்குறைய தினமும். ஓடல, படி ஏறல, உக்காந்த இடத்துலயே. உள்ள ஒரு சின்னப் புள்ளியைச் சுட்டு எடுத்துடலாம். இதுக்கும் ஒப்புதல் வந்தாச்சு. மேடம் அட்மிட் ஆகறப்பவே நீங்களும் ஆயிட்டா ஒரே ரூம் வாடகையில முடிஞ்சுரும்."

"அந்நேரம் நான் மோட்டார் டெஸ்டிங்ல நின்னுட்டே இருப்பனுங்க."

"நிழல் உக்காந்திருக்கு சார்."

ஒருவேளை உட்கார்ந்துதான் இருக்கிறேனோ? அவன் யோசித்துப் பார்த்தான். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"இது வேண்டாம்னா என்னாகும்?" என்று வாணி கேட்டாள்.

டாக்டர் முதல்முறையாக நிழலிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "எதுங்க மேடம்?"

"ரெண்டும்தான். வேண்டாம்னா என்னாகும், தள்ளிப்போட்டா என்னாகும், வேற வழி இருக்குதா, இதை நீங்க பாத்து முடிவு பண்ணீங்களா இல்ல நிழல் முடிவு பண்ணுச்சா? சம்மதம் கேட்டா இதெல்லாம் தெரிஞ்சுக்கோணுமில்லீங்களா?"

"அப்படி யாரும் கேட்டதில்ல மேடம்" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. "மறுத்தா ஒப்புதல் காலாவதியாயிடும். சிகிச்சையை மறுத்தவங்கன்னு பேர் விழுந்துரும். அதுக்கப்புறம் காப்பீட்டுக் கட்டணம் ஏறும். வேற வழி... நிழல்ல எதுவும் காட்டல."

வெளியே வந்து மருத்துவமனை கேன்டீனில் உட்கார்ந்தார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த போனைக் குடுங்க" என்றாள் வாணி. "உங்க நிழலைக் கொஞ்சம் பாக்கறேன்."

"எதுக்கு? நெஞ்சுல சிவப்பாத் தெரியறதைப் பாக்கவே எனக்குப் பயமா இருக்குது."

"இதயத்தைச் சுடறேங்கறாங்க. எதனாலன்னு பாக்க வேண்டாமா? புளி வாங்குனாக்கூட மோந்து பாத்துத்தான வாங்கறீங்க?"

அவள் அவனுடைய வரைபடத்தை விரித்து நகர்த்திக்கொண்டே போனாள். பரீட்சைத் தாள் திருத்தும்போது இருக்கும் அதே முகம். திடீரென்று விரல் நின்றது.

"இதென்னங்க, மாசாமாசம் ஒரு மேடு?"

"அதுக்குத்தான நான் மாத்திரை முழுங்கறேன்! ஆம்பளை ஹார்மோன் அலையுதாம். ரெண்டு வாரம் ஏறுது, அப்புறம் தொபுக்குன்னு விழுகுது. கல்யாணமான புதுசுலயே கண்டுபிடிச்சுட்டாங்க."

வாணி மேடு சரிந்து விழும் நாளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். தை, மாசி, பங்குனி. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் வந்த நாட்கள் மறப்பதில்லை. ஒவ்வொரு முறையும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுத நாட்கள் அவை.

"ஏனுங்க" என்றாள். "இது நீங்க இல்ல. இது நானு."

"எது?"

"இந்த நிழல். இது என்ற உடம்பு."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் தன்னுடைய போனை எடுத்துத் தன் பெயரில் இருந்த நிழலைத் திறந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த உடம்பு அது. ஞாயிறு மதியம் மூன்று மணி நேரத் தூக்கம். இரவு முழுவதும் மூச்சடைப்பு.

"குறட்டை!" என்றாள் வாணி. "உங்க குறட்டைக்கு எனக்கு நாலு வருஷமா மூக்குல சொட்டு மருந்து! நான் எங்கீங்க குறட்டை விடறேன்னு ஒரு தடவை கேட்டேன். தூங்கறவளுக்கு எப்படித் தெரியும்னீங்க."

"அப்ப எனக்குத் தூக்கமே வரலைன்னு சொன்னதெல்லாம்..."

"உங்க குறட்டையில நான் முழிச்சுட்டுக் கெடந்தது!"

இருவரும் ஒரே சமயத்தில் தங்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள். சாம்பல் நிறப் பட்டைகள் இரண்டும் ஒன்று போலவே இருந்தன. கட்டிய அன்றிலிருந்து அதைக் கழற்றியதில்லை, கழற்றினால் அது செத்துப்போகும்.

கட்டிய நாள் இருவருக்கும் நினைவு வந்தது. வாணியின் அண்ணன் மயில்சாமி காப்பீட்டு ஏஜென்ட். தங்கைக்குச் சீரோடு சீராக ஒரு குடும்பக் காப்பீட்டையும் எடுத்து, பட்டைகளைத் தாம்பாளத்தில் பழம், வெற்றிலையோடு வைத்து மேடைக்குக் கொண்டுவந்தான். மாப்பிள்ளை பெட்டி மாப்பிள்ளையிடம், பெண்ணின் பெட்டி பெண்ணிடம். அப்போதுதான் மாலை மாற்றி முடித்திருந்தார்கள். மோதிரமும் மாற்றியாயிற்று. போட்டோக்காரர் விடவில்லை. 'மாப்ள, அதைப் பொண்ணு கையில கட்டுங்க. அப்படியே சிரிங்க. இப்பப் பொண்ணு கட்டுங்க' என்றார். அவனுடையதை அவள் கையில் அவன் கட்டினான். அவளுடையதை அவன் கையில் அவள் கட்டினாள். சொந்தபந்தமெல்லாம் கைதட்டியது. மேடைக்குக் கீழே நின்று மயில்சாமி போனில் இரண்டு பெயர்களையும் பதிந்து முடித்தான்.

"அப்ப நாலு வருஷமா முட்டை இல்லாம இருக்கறது..." என்றாள் வாணி.

"நானு" என்றான் சிவசண்முகம்.

"ஆம்பளை உடம்புல முட்டையைத் தேடியிருக்கறாங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஏதோ சாவு என்று நினைத்து, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்.

"அப்ப அந்தச் சாயங்காலத் துடிப்பும் உன்னுதுதானா?" என்று அவன் கேட்டான்.

வாணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஸ்கூல்ல கத்திக் கத்தி வந்த களைப்பா இருக்கும்" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே மயில்சாமி வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சரிந்தான்.

"வெளிய வாயே தொறக்காதீங்க மாப்ள. பட்டையை மாத்திக் கட்டுறது மோசடின்னு எழுதி வெச்சிருக்கறாங்க. பாலிசி போயிரும். என்ற ஏஜென்சியும் கூடவே போயிரும்."

"நாங்க எங்க மச்சான் மோசடி பண்ணுனோம்? உங்க தங்கச்சியைக் கட்டுனேன். அந்தக் கையோட பட்டையையும் கட்டுனேன்."

"நான் ஒண்ணு கேக்கறேண்ணா" என்றாள் வாணி. "ஆம்பளைன்னு பேர் போட்ட நிழலுக்கு மாசாமாசம் இப்படி ஏறி இறங்குது. இது பொம்பளை உடம்பா இருக்குமோன்னு அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு தடவைகூடவா சந்தேகம் வரல?"

"அது அப்படி யோசிக்காது அம்மிணி. ஆம்பளைன்னு நாம எழுதிக் குடுத்துட்டா அது ஆம்பளைதான். அதுக்கு ஒத்துவராத எல்லாமே நோய்."

"அப்ப இப்ப என்ன பண்றது?"

மயில்சாமி தலையைச் சொறிந்தான். "பேசாம அந்தத் தானத்துக்கே சம்மதம் குடுத்துருங்களே. பைசா செலவில்ல. நம்மளுக்கு வேண்டியது குழந்தைதான? எப்படி வந்தா என்ன?"

"எப்படி வந்தாலும் எனக்குச் சம்மதம்தாண்ணா. வேற வழியில்லாம அப்படி வந்தா நெஞ்சோட அணைச்சுக்குவேன். ஆனா உனக்கு முட்டையே இல்லைன்னு பொய்யைச் சொல்லிக் குடுத்தா வாங்கமாட்டேன்." அவள் குரல் இப்போது வகுப்புக் குரலாக இருந்தது. "அதோட, இவருக்கு இல்லாத நோய்க்கு இவர் இதயத்துல சூடு வைப்பாங்க. அதுக்கும் பேசாம இருக்கோணுமா?"

மயில்சாமி எழுந்தான். "உன்னை எதுத்துப் பேச என்னால ஆகாது. சின்ன வயசுல இருந்தே ஆகாது" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ரேச்சலிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் நம்பவில்லை. நிழல்களையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்களைத் தொட்டுப் பாருங்க" என்றாள் வாணி. "ரத்தம் எடுங்க. ஸ்கேன் பண்ணுங்க. நாங்களே பணம் கட்டிக்கறோம்."

"நிழல் கேக்காத டெஸ்ட் எழுதினா எதுக்குன்னு என்னைக் கேப்பாங்க மேடம்."

"நோயாளி கேட்டாங்கன்னு சொல்லுங்க. கேக்க எனக்கு உரிமை இருக்குதா, இல்லையா?"

"இருக்கு" என்றார் டாக்டர். "இருக்குன்னு படிச்சிருக்கேன். யாரும் கேட்டதில்ல."

வாணியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க முயன்றார். துடிப்பு அகப்படவில்லை. விரலை இடம் மாற்றி மாற்றி வைத்தார். கடைசியில் அகப்பட்டதும், "வாவ்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

முடிவுகள் வந்த அன்று டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"மேடம், உங்களுக்கு எந்தக் குறையும் இல்ல. நாலு வருஷமா மாசாமாசம் முட்டை வந்துட்டுத்தான் இருந்திருக்கு. இதயமும் சுத்தமா இருக்கு."

வாணி தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்புறம் ஏன் குழந்தை...?" என்று சிவசண்முகம் தொடங்கினான்.

"சார், உங்க ஹார்மோன் அலையுதுன்னு ஆண் ஹார்மோன் மாத்திரை குடுத்திருக்கோம் இல்லையா? உங்க ஹார்மோன் அலையல. அலைஞ்சது மேடமோடது. நல்லா இருக்கற ஆம்பளைக்கு வெளியில இருந்து அதைக் குடுத்தா, உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திடும். விந்தணுவும் அதோட நின்னுரும். உங்களுக்கு நின்னிருக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்கு சார்."

"அப்படின்னா இத்தனை நாளா..."

"மாத்திரையை நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா திரும்பும். சில மாசம் ஆகும், சில பேருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். பெரும்பாலும் திரும்பிடும்." டாக்டர் குரல் தாழ்ந்தது. "அந்த மாத்திரையைப் போன வருஷம் புதுப்பிச்சது நான்தான். நிழல் கேட்டுச்சு, குடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

வீட்டுக்குக் கிளம்பினார்கள். கோபப்பட வேண்டும் என்று சிவசண்முகத்துக்குத் தோன்றியது. யார் மேல்? மேடையில் தாம்பாளத்தை நீட்டிய மச்சான் மேலா, சிரிக்கச் சொன்ன போட்டோக்காரர் மேலா, டாக்டர் மேலா? ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றி மாத்திரையை முழுங்கியது அவன் கைதான். உடம்பு நன்றாக இருக்கிறதே, பிறகு எதற்கு இது என்று ஒரு நாளாவது அவன் கேட்டதுண்டா? அவளாவது ஒரு தடவை கேட்டாள்.

ரத்த முடிவுகளை டாக்டரே நிறுவனத்துக்கு அனுப்பினார். அடுத்த நாள் மாலையில் நிறுவனத்தின் குரல் பேசியது. மனிதக் குரல் இல்லை. தேன் தடவியது போன்ற பெண் குரல். வாணி போனை மேசை மேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"வணக்கம். உங்கள் நிழல்கள் மாறியிருப்பதை ஏற்கிறோம். இதை மோசடியாகக் கருதவில்லை, குடும்பப் பிழையாகப் பதிவு செய்கிறோம். கருமுட்டைச் சிகிச்சைக்கான ஒப்புதல் நீக்கப்பட்டது. புதிய பட்டைகள் வரும். ஓராண்டுக்குப் பேறுகாலச் செலவுகளை நீங்களே ஏற்க வேண்டும்."

"சரி" என்றாள் வாணி. "தப்பான மாத்திரை குடுத்ததுக்கு நான் தனியா புகார் குடுக்கப்போறேன். அதையும் பதிஞ்சுக்கோங்க."

"பதிவு செய்யப்பட்டது. இன்னும் ஒன்று உள்ளது. சிவசண்முகம் பெயரில் இருந்த நிழல் இனி கோகிலவாணியின் நிழல். ஆகவே மாலைத் துடிப்பு நோயும் இதயச் சிகிச்சை ஒப்புதலும் கோகிலவாணிக்கு மாற்றப்படுகின்றன."

"என்னது?" என்று சிவசண்முகம் எழுந்துவிட்டான். "அவ இதயம் சுத்தமா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே!"

"டாக்டர் பரிசோதித்தது காலையில். துடிப்பு வருவது மாலையில். காரணம் தெரியாத துடிப்பு நோயாகவே கருதப்படும். காரணம் தெரிந்தால் ஒப்புதலை நீக்கிவிடலாம். காரணத்தை இப்போது சொல்ல விரும்புகிறீர்களா?"

வாணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒலிவாங்கியை அணைத்தாள்.

"சொல்லு வாணி. களைப்புதான?"

"களைப்பு இல்லீங்க."

டாக்டர் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. சாயங்காலம், உட்கார்ந்த இடத்தில், ஏறக்குறைய தினமும். அவன் வீட்டுக்கு வரும் நேரத்தை ஒட்டி. அவளை அவன் திட்டியதில்லை, கைநீட்டியதில்லை. ஆனாலும் ஒரு மனிதன் தன்னைப் பற்றி என்ன கண்டான்? நான்கு வருடம் தன் உடம்பையே தெரியாமல் இருந்தவன்தானே.

"என்னைக் கண்டா பயமா?" என்று கேட்டான்.

"அய்யோ, என்ன பேச்சு இது?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சாயங்காலம் அத்தை போன் பண்ணுவாங்க."

"எங்கம்மாவா? உனக்கா? தினமுமா?"

"நீங்க வர்றதுக்கு முன்னால. நாலு வருஷமா."

"என்ன கேப்பாங்க? குத்திக் காட்டுவாங்களா?"

"குத்திக் காட்டுனாத்தான் பரவால்லயே, திருப்பிக் குடுத்திருப்பேன். அத்தை ஒரு வார்த்தை தப்பாப் பேசுனதில்ல. 'சாப்ட்டியா சாமி? மாத்திரை போட்டியா? கவலைப்படாத, ஆகும்'பாங்க. அவ்வளவுதான். எனக்காக அவிநாசி கோயிலுக்கு நடந்தே போறேன்னு வேண்டியிருக்கறாங்க, அந்த முழங்காலை வெச்சுட்டு. ஸ்கூல் விட்டு வந்ததும் போனை முன்னால வெச்சுட்டு உக்காந்திருப்பேன். அது அடிக்கறதுக்கு முன்னாலயே எனக்குப் படபடன்னு வந்துரும். எடுத்தா அவங்க அன்பாப் பேசுவாங்க. வெச்சதுக்கப்புறம்கூட அடங்க நேரமாகும்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உங்கம்மா என்மேல பாசமா இருக்கறாங்கன்னு புகார் சொல்லோணுமா?"

மேசையிலிருந்து குரல் மீண்டும் எழுந்தது. "காத்திருக்கிறோம். காரணம் ஒரு நபர் எனில் அவருடைய பெயரைச் சொல்லலாம்."

வாணி ஒலிவாங்கியை இயக்கினாள். "சொன்னா அவங்களை என்ன பண்ணுவீங்க?"

"குடும்பத்தின் வெளிநபர் எனில், அவருடைய அழைப்புகள் உங்களுக்கு வராமல் நிறுத்தப்படும். அவரது காப்பீட்டில் பிறர் உடல்நலத்தைக் கெடுப்பவர் என்று குறிக்கப்படும். அவரது நிலுவைச் சிகிச்சைகள் மறுபரிசீலனைக்குப் போகும்."

அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போன மாதம்தான் ஒப்புதல் வந்திருந்தது. வாணி அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பது போல.

"நானே பண்ணிக்கறனுங்க" என்று காதோடு சொன்னாள். "சின்னப் புள்ளிதான? சுட்டுட்டுப் போகட்டும்."

சிவசண்முகத்துக்கு அந்த நொடி மட்டும் குழப்பம் இல்லாமல் இருந்தது. போனை நோக்கிக் குனிந்தான்.

"காரணம் நான்தான்" என்றான். "நான் வீட்டுக்கு வர்ற நேரம் அது. என்னாலதான் அவளுக்குப் படபடப்பு வருது."

"கணவர் காரணம். உறுதி செய்கிறீர்களா?"

"செய்யறேன்."

"பதிவு செய்யப்பட்டது. கணவர் குடும்பத்தின் உள்நபர் என்பதால் அழைப்புத் தடை இல்லை. சிவசண்முகம் ஆறு மாதம் இல்லற ஆலோசனை வகுப்புக்கு வர வேண்டும். அவரது கட்டணம் ஒரு படி உயரும். மனைவியின் நலன் கருதி, மாலையில் வீடு திரும்புவதைத் தள்ளிப்போடும்படி பரிந்துரைக்கிறோம். கோகிலவாணியின் இதயச் சிகிச்சை ஒப்புதல் நீக்கப்பட்டது. நன்றி."

குரல் நின்றது. வெளியே யாரோ குக்கர் விசிலை எண்ணாமல் விட்டுவிட்டார்கள், அது அடித்துக்கொண்டே இருந்தது.

சிவசண்முகம் தன் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான்.

"அம்மா, நான்தான். இன்னைக்கு நான் பேசறேன்... இல்ல, வாணி நல்லா இருக்கறா. அவளுக்கு ஒரு குறையும் இல்லையாம்மா. எப்பவும் இருந்ததில்லையாம். குறை என்கிட்டதான். தப்பான மாத்திரை சாப்பிட்டிருக்கறேன்... அழாதம்மா. நிறுத்தியாச்சு. சரியாயிருமாம்... இனிமே கேக்கறதை என்கிட்ட கேளு. அவகிட்ட கேக்காத."

பிறகு அம்மா கேட்டாள்: "அந்தப் புள்ளை இத்தனை நாளும் என்கிட்ட சரிங்கத்தை, சரிங்கத்தைன்னுதான சொல்லுச்சு?"

"ஆமாம்மா."

"நான் வேற தினமும் கூப்பிட்டு..." அம்மா முடிக்கவில்லை. "வெச்சுடறேன்டா" என்று வைத்துவிட்டாள்.

அவன் திரும்பினான். வாணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண் நனைந்திருந்தது. ஆனால் முகத்தில் வேறு ஏதோவும் இருந்தது. அது என்னவென்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"கம்பெனிக்காரங்ககிட்ட அப்படிப் பொய் சொல்லிட்டீங்களே" என்றாள்.

"வேற என்ன பண்றது? கட்டணம் ஏறுனா ஏறட்டும். கெட்ட பேரும் எனக்கே இருக்கட்டும்."

வாணி உடனே உள்ளே போகவில்லை. நிலைப்படியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை போன் வெச்சு, படபடப்பு ஒருவழியா அடங்குமா? அப்பக் கீழ உங்க வண்டிச் சத்தம் கேக்கும். கேட்டதும் மறுபடியும் ஒரு தடவை குதிக்கும். அந்த வரைபடத்துல ரெண்டாவதா ஒரு சின்ன மேடு இருக்குது, நீங்க சரியாப் பாக்கலை." அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நீங்க சொன்னது முழுப் பொய்யில்லீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம் அது. ஆனால் இப்போது அவள் அழுவதற்காகத் திறந்தாளா, வெறுமனே அரிசி கழுவுகிறாளா என்று சிவசண்முகத்துக்கு விளங்கவில்லை. போய்ப் பார்ப்பதற்காக அவன் சமையலறைப் பக்கம் நடந்தான்.